ஏழு குடிகளின் தீபகற்பம்



கிரேக்க நாட்டின் பழைய வரலாற்றை நீங்கள் பள்ளியிலே படித்திருப்பீர்கள். ஸ்பார்ட்டா நகரத்தாரின் கடுமையான போர்ப் பயிற்சியையும், ஒலிம்பியாவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த விளையாட்டு விழாவையும், கொரிந்து நகரத்தின் வணிகச் செல்வத்தையும் அறிவீர்கள். அலெக்சாந்தர் மறைந்ததும் பாடமும் முடிந்துவிடும். அடுத்த பாடம் ரோமாபுரியைப் பற்றியதாக இருக்கும். நான் மாணவனாக இருந்தபோது இந்த இடத்தில் எனக்கு ஓர் ஐயம் தோன்றியதுண்டு. பாடம் முடிந்துவிட்டது, அந்த மக்கள் என்ன ஆனார்கள்? இன்றைக்கு அந்த மண்ணில் ஆலிவ் மரம் வளர்ப்போர் பழைய ஸ்பார்ட்டாவினரின் வழித்தோன்றல்கள்தாமா? அல்லர் என்றால், அவர்கள் யார்?

இது ஒரு சிறுவனுடைய ஐயந்தான். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் இதே கேள்வி ஐரோப்பிய அறிஞர்களிடையே பெரும் பூசலை விளைத்தது என்பதைப் பிற்காலத்தில் படித்து வியப்படைந்தேன். அந்தப் பூசலையும், அதற்கு இடமளித்த மண்ணின் கதையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிரேக்க நாட்டின் தென்பகுதியை நிலப்படத்திலே பாருங்கள். விரல்களைக் கீழ்நோக்கி விரித்த ஓர் உள்ளங்கையைப் போன்று ஒரு நிலம் கடலுக்குள் நீண்டு கிடக்கும். பெலொப்பொனீசு என்பது அதன் பழம்பெயர். இடைக்காலத்தில் மொரேயா என்றும் அதனை வழங்கினர். ஏறத்தாழ 21,500 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய அந்நிலத்தை, கொரிந்து நகரின் அருகே சுமார் 6 கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நிலஇடுக்குத்தான் கிரேக்கத்தின் பிற பகுதியோடு இணைத்திருந்தது. 1893ஆம் ஆண்டில் அந்த இடுக்கையும் வெட்டிக் கால்வாய் அமைத்துவிட்டார்கள். ஆகவே, தீபகற்பம் என்று நாம் சொல்லும் அந்த நிலத்தைப் பாலம் கடந்தே இன்று அடைய வேண்டும்.

அதன் பெயரே நமக்கு முதற் செய்தியைச் சொல்கிறது. பெலொப்பொனீசு என்றால் பெலொப்சின் தீவு என்று பொருள். யார் அந்தப் பெலொப்சு? ஆசியாவிலிருந்து பெருஞ்செல்வத்தோடு வந்து குடியேறிய ஓர் அரசன் என்று கிரேக்கரின் பழங்கதைகள் கூறும். வெளியூரான் ஒருவன் ஒரு நாட்டுக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டான் என்பதை வரலாற்று ஆசிரியராகிய துசிடிடீசும் குறிப்பிடுகிறார். கதை உண்மையோ, அன்றோ, தம் நாட்டின் பெயர் ஒரு வந்தேறியின் பெயர் என்று சொல்லிக்கொள்வதில் பழைய கிரேக்கருக்கு யாதொரு கூச்சமும் இருந்ததில்லை.

கிறிஸ்து பிறப்பதற்கு முன் 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஹெரோடோட்டஸ். பெலொப்பொனீசில் ஏழு குடிகள் வாழ்கின்றன என்று அவர் தம் நூலில் ஒரு பட்டியல் தருகிறார். ஆர்க்கேடியரும் கைனூரியரும் அம்மண்ணின் ஆதிக்குடிகள். அக்கேயர் தீபகற்பத்தை விட்டு நீங்கவில்லை என்றாலும், தம் சொந்த இடத்தை இழந்து பிறருடைய இடத்தில் வாழ்கின்றனர். டோரியர், ஈட்டோலியர், டிரையோப்பியர், லெம்னியர் ஆகிய ஏனைய நால்வரும் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் டோரியரே வலிமை மிக்கவர். ஸ்பார்ட்டாவும் ஆர்கோசும் அவர்களுடைய நகரங்கள். ஆகவே, நாம் எதைப் பழைய கிரேக்கம் என்று போற்றுகிறோமோ, அதன் உச்ச காலத்திலேயே அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்தவர்களாக எண்ணப்பட்டனர்.

அக்கேயர் பிடித்துக்கொண்ட இடம் யாருடையது? தீபகற்பத்தின் வடகரையில் அவர்களுக்கு முன்பு அயோனியர் வாழ்ந்தனர் என்றும், அக்கேயரால் துரத்தப்பட்ட பின்னரே ஆசியக் கரையில் போய்க் குடியேறினர் என்றும் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அயோனியர் என்னும் அப்பெயரே பாரசீகர் வாயில் யவுனா என்றும், வடமொழியில் யவனர் என்றும் மாறி, நம் சங்க நூல்களிலும் இடம் பெற்றது. பொன்னொடு வந்து மிளகு வாங்கிச் சென்ற வணிகரை நம் முன்னோர் எந்தப் பெயரால் அழைத்தார்களோ, அந்தப் பெயருக்கு உரியவர்களும் ஒரு காலத்தில் இந்தத் தீபகற்பத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் என்பது கிரேக்கரின் மரபு.

ஹெரோடோட்டசுக்கு முன்பு அங்கே இருந்தோர் யார்? தீபகற்பத்தின் தென்மேற்கிலுள்ள பைலாசில், 1939ஆம் ஆண்டு கார்ல் பிளேகன் என்னும் அமெரிக்கத் தொல்லியலறிஞர் ஓர் அரண்மனையை அகழ்ந்து கண்டார். ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்பு அந்த அரண்மனை தீக்கிரையாயிற்று. அத்தீயே ஒரு நன்மையும் செய்தது. அங்கே கணக்கெழுதி வைத்திருந்த பச்சைக் களிமண் பலகைகள் நெருப்பிலே சுட்டுக் கெட்டியாகி, அழியாது நின்றன. அவற்றிலிருந்த எழுத்தை 1952ஆம் ஆண்டில் மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் ஆங்கிலேயர் படித்தறிந்தார். அவர் தொழிலாற் கட்டடக் கலைஞர்; மொழியாராய்ச்சியோ அவர் இளமை முதற் கொண்டிருந்த வேட்கை. அந்தப் பலகைகளின் மொழி கிரேக்கமே என்பது அப்போது தெரியவந்தது. அதற்கும் முன்பு வேறு மொழி பேசியோர் அங்கிருந்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. கொரிந்து என்ற பெயரைக் கிரேக்க வேர்ச்சொல் எதனாலும் விளக்க முடிவதில்லை.

இனி, ஹெரோடோட்டசின் பட்டியலில் மிகச் சிறிய குடியாகிய கைனூரியரைச் சற்றே கவனியுங்கள். கீழைக் கடற்கரையில் வாழ்ந்த இவர்கள் தோற்றத்தால் அயோனியர் என்றும், ஆர்கோசின் ஆட்சிக்குட்பட்டுக் காலப்போக்கில் டோரியராகவே மாறிவிட்டனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஒரு குடி மற்றொரு குடியாக மாறக்கூடும் என்பதை இவ்வளவு அமைதியாக ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டுப் போகிறார். நான் இன்று சொல்ல வந்ததன் சாரமும் அந்த வாக்கியத்திலேயே அடங்கியிருக்கிறது.

அந்த மாற்றம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. கி. மு. 146இல் ரோமானியத் தளபதி மம்மியஸ் கொரிந்து நகரை அழித்தான். ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றான். நூறாண்டுக் காலம் பாழ்பட்டுக் கிடந்த அந்நகரைக் கி. மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் நிறுவி, ரோமானியக் குடிகளை, பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகளை, அங்கே அமர்த்தினான். புதிய கொரிந்தின் ஆட்சிமொழி லத்தீன். ஆயினும் நூறாண்டு கழித்துத் தூய பவுல் அந்நகரத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கடிதங்கள் எழுதியபோது அவற்றைக் கிரேக்க மொழியிலேதான் எழுதினார்.

கி. பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கிலிருந்து ஸ்லாவியர் வரத் தொடங்கினர். பல நகரங்கள் வெறுமையாயின. உள்நாட்டின் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் ஸ்லாவிய மொழி ஒலித்தது. கி. பி. 805ஆம் ஆண்டையொட்டி, கான்ஸ்டாண்டிநோபிளில் அரசிருந்த முதலாம் நிகெபோரஸ் அந்நிலத்தை மீட்டு, மக்களைக் குடியேற்றினான். இத்தாலியின் தென்முனைக்கு ஓடிப்போயிருந்த பட்ராஸ் நகரத்தார் அழைத்துவரப்பட்டனர் என்றும், ஸ்பார்ட்டா இருந்த இடத்தில் ஆர்மீனியர் உட்படப் பலவகை மக்கள் கலந்து குடியமர்த்தப்பட்டனர் என்றும் மொனெம்வாசியா வரலாறு என்னும் பழைய ஏடு கூறுகிறது. ஸ்லாவியர் அழிந்துபோகவில்லை. கிறிஸ்தவ சமயத்தை ஏற்று, கோயிலிலும் சந்தையிலும் கேட்ட கிரேக்க மொழியை மெல்லப் பயின்று, பேரப்பிள்ளைகள் காலத்தில் கிரேக்கராகிவிட்டனர். டைகெட்டஸ் மலையில் வாழ்ந்த சில குழுவினர் மாத்திரம் பல நூற்றாண்டுகள் தனித்து நின்றனர்.

அவர்களுடைய நினைவு ஊர்ப்பெயர்களில் தங்கியது. ஒன்றைச் சொல்கிறேன். லக்கோனியா நாட்டிலே பழங்காலத்தில் காரியை என்றோர் ஊர் இருந்தது. கொட்டை மரங்களால் அமைந்த பெயர் அது. அப்பகுதியிலுள்ள ஓர் ஊர் பிற்காலத்தில் அராக்கோவா என்னும் ஸ்லாவியப் பெயரால் வழங்கிற்று. அதற்கும் அக்ரூட் மரம் நிற்கும் இடம் என்றே பொருள். 20ஆம் நூற்றாண்டில் அரசாங்கத்தார் அதனை மீண்டும் காரியை என்று மாற்றினர். பெயரைச் சொன்ன வாய்கள் மாறின; ஆனால் மூன்று காலத்தாரும் ஒரே மரத்தைப் பார்த்தே பெயரிட்டிருக்கின்றனர்.

1204ஆம் ஆண்டில் நான்காம் சிலுவைப் போரினர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் சிலர் மொரேயாவைப் பிடித்து, இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு சிற்றரசை நடத்தினர். அவர்களுள் ஒருவனான இரண்டாம் வில்லியம் கலமாட்டாவிலேயே பிறந்தவன். கிரேக்க மொழியைத் தாய்மொழிபோற் பேசியவன். ஸ்பார்ட்டாவுக்கு அருகில் மிஸ்த்ரா என்னும் குன்றில் 1249இல் அவன் கட்டிய கோட்டை, சில ஆண்டுகளில் கிரேக்கர் கைக்கு மாறி, கடைசியில் கிரேக்கக் கல்வியின் தலைநகரமாயிற்று. கரையோரத்து மெதோனியும் கொரோனியும் வெனிஸ் நகரத்தாரிடம் இருந்தன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்பானியர் பத்தாயிரம் பேர் மனைவி மக்களோடும் கால்நடைகளோடும் நிலஇடுக்கின் வாயிலில் வந்து நின்றனர். பாழ்பட்ட நிலத்தை உழுவதற்கும் எல்லையைக் காப்பதற்கும் ஆள் வேண்டியிருந்த மிஸ்த்ராவின் ஆட்சியாளன் தியோடர் அவர்களை உள்ளே வரவிட்டான்.

இப்போது இரண்டாவது பட்டியலுக்கு வருகிறேன். 1415ஆம் ஆண்டையொட்டி மஸாரிஸ் என்பவர் பெயரில் ஒரு கேலி நூல் எழுந்தது. பாதாள உலகத்துக்குப் போய் வந்ததாகக் கூறும் அந்நூல், பெலொப்பொனீசில் ஏழு இனத்தார் கலந்து வாழ்வதாகச் சொல்கிறது. லக்கெடமோனியர், இத்தாலியர், பெலொப்பொனீசியர், ஸ்லாவியர், இல்லிரியர் எனப்பட்ட அல்பானியர், எகிப்தியர், யூதர் என்பது அந்தப் பட்டியல். எகிப்தியர் என்று அவர் குறிப்பவர் உண்மையில் எகிப்து நாட்டவர் அல்லர். வடஇந்தியாவிலிருந்து பல தலைமுறைகளாக மேற்கு நோக்கி நடந்த ரோமா மக்கள். மெதோனி நகரின் மதிலுக்கு வெளியே குடிசையிட்டு இரும்படித்து வாழ்ந்த அவர்களை, அவ்வழியே எருசலேம் சென்ற யாத்திரிகர்கள் தம் குறிப்புகளில் எழுதியிருக்கின்றனர்.

ஹெரோடோட்டஸ் ஏழு என்றார். 1,800 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழித்து மஸாரிசும் ஏழு என்றார். எண் மாறவில்லை, ஆனால் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்டன. முன்னவர் பெருமிதமுமின்றி இகழ்ச்சியுமின்றிக் கணக்கெடுத்தார். பின்னவரோ, ஒவ்வோர் இனமும் பிறவற்றின் தீக்குணங்களையே கற்றுக்கொள்கிறது என்று நகைத்தார். அதே 1415ஆம் ஆண்டில் பேரரசன் இரண்டாம் மனுவேல் நிலஇடுக்கின் குறுக்கே ஆறு மைல் மதிலை 25 நாட்களிற் புதுப்பித்தான். எட்டே ஆண்டுகளில் துருக்கியர் அதனைத் தகர்த்து உட்புகுந்தனர். 1460இல் மிஸ்த்ராவும் அவர்கள் வசமாயிற்று. இடையிலே வெனிஸ் ஆண்ட சுமார் 30 ஆண்டுகள் நீங்கலாக, 1821 வரையில் தீபகற்பத்தின் பெரும்பகுதி துருக்கியர் ஆட்சியில் இருந்தது.

1821ஆம் ஆண்டின் விடுதலைப் போரைக் கிரேக்கர் பெருமையோடு கொண்டாடுகின்றனர். பெருமைப்படத் தக்க வீரமும் அதில் உண்டு. ஆனால் உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். தீபகற்பத்தின் நடுவிலுள்ள திரிப்பொலிட்சா துருக்கிய ஆட்சியின் தலைமை நகரம். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அது வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான முஸ்லிம்களும் அங்கிருந்த யூதர்களும், பெண்கள், குழந்தைகள் என்ற வேறுபாடின்றிக் கொல்லப்பட்டனர். நகர வாயிலிலிருந்து அரண்மனை வரையில் தம் குதிரையின் கால் தரையிலே படவில்லை என்று கிரேக்கத் தளபதி கொலொகொட்ரோனிசே தம் நினைவுக் குறிப்புகளிற் சொல்லியிருக்கிறார். 1825இல் எகிப்திலிருந்து படையொடு வந்த இப்ராஹிம் பாஷா ஊர்களையும் தோப்புகளையும் எரித்து, கிரேக்கரை அடிமைகளாகக் கொண்டு சென்றான். 1827இல் நவரீனோ வளைகுடாவில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய நாடுகளின் கப்பல்கள் துருக்கிய எகிப்தியக் கடற்படையை அழித்த பின்னரே போர் ஒரு முடிவை நெருங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு வந்த அல்பானியருள் கிறிஸ்தவராயிருந்தோர் பலர் விடுதலைப் படையிலே போரிட்டுக் கிரேக்கராயினர். லாலா, பார்தூனியா என்னும் பகுதிகளில் அதே அல்பானிய மொழியைப் பேசிய முஸ்லிம்களோ துருக்கியர் என்றே கருதப்பட்டு, அந்த நிலத்தினின்றும் மறைந்தனர். அவர்களைப் பிரித்தது குருதியும் அன்று, மொழியும் அன்று, சமயம் ஒன்றே. ஆகவே, பெலொப்பொனீசு வந்தவர் எல்லோரையும் அணைத்துக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. அணைத்ததும் உண்டு, துடைத்து எறிந்ததும் உண்டு.

1830ஆம் ஆண்டில் கிரேக்கத்தின் விடுதலையை வல்லரசுகள் ஏற்றுக்கொண்டன. அதே ஆண்டில் ஜெர்மானிய ஆசிரியர் ஃபால்மெராயர் என்பவர் இடைக்கால மொரேயாவின் வரலாறு என்னும் நூலை வெளியிட்டார். பழைய கிரேக்க இனம் ஸ்லாவியரால் அறவே அழிந்தது, இன்றைய கிரேக்கர் உடலில் பழைய குருதி ஒரு துளியும் இல்லை என்பது அவர் முடிபு. கிரேக்கர் கொதித்தெழுந்தனர். பப்பரிகோபுலோஸ் முதலிய அறிஞர்கள் மறுப்பெழுதினர். எங்கள் இனத்தொடர்ச்சி ஒரு நாளும் அறுந்ததில்லை என்பதே அந்நாட்டின் பாடமாயிற்று. நான் முன்பு சொன்ன பூசல் இதுதான்.

2017ஆம் ஆண்டில் பெலொப்பொனீசு மக்களின் மரபணுக்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்லாவியரோடு அவர்களுக்குள்ள வமிசத் தொடர்பு, இடத்துக்கு இடம் வேறுபட்டு, நூற்றுக்கு ஒன்றிற்கும் குறைவு முதல் சுமார் 14 வரையில் இருப்பதாக அது கண்டது. பழைய மக்கள் அறவே அழிந்தனர் என்ற கொள்கை இதனால் வீழ்ந்தது. அதே வேளையில் கலப்பே இல்லை என்பாருக்கும் அவ்வாய்வு இடமளிக்கவில்லை. இருசாரார் செய்த பிழையும் ஒன்றேயாகும். ஒரு மக்களின் தொடர்ச்சி குருதியிலே இருக்கிறது என்று இருவரும் நம்பினர். கொரிந்தின் விடுதலை பெற்ற அடிமையையும், டைகெட்டஸ் மலையின் ஸ்லாவியனையும், அல்பானிய இடையனையும் கிரேக்கராக்கியது குருதி அன்று. அவர்கள் கற்ற மொழியும், வழிபட்ட கோயிலும், உழுத நிலமும், அண்டை வீட்டாரோடு கொண்ட மணவுறவுமே அவர்களை அவ்வாறு ஆக்கின.

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 1991ஆம் ஆண்டையொட்டி அல்பானியாவின் பொதுவுடைமை ஆட்சி சரிந்தபோது, அல்பானியர் மறுபடியும் பெருந்திரளாகக் கிரேக்கத்துக்கு வந்தனர். பெலொப்பொனீசின் ஆலிவுத் தோப்புகளிலும் கட்டட வேலைகளிலும் கூலிக்கு அமர்ந்தனர். அவர்களுக்குப் பின் தெற்காசியாவிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். பழைய ஒலிம்பியா இருக்கும் அதே ஈலிஸ் நாட்டில் மனோலடா என்றோர் ஊர் உண்டு. அங்கே செம்புற்றுப்பழத் தோட்டங்களில் வேலை செய்த வங்காளதேசத்து ஆட்கள், 2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பல மாதமாகக் கொடுபடாத கூலியைக் கேட்டனர். காவலாட்கள் துப்பாக்கியாற் சுட்டனர், பலர் காயமுற்றனர். கட்டாய உழைப்பினின்றும் அவர்களைக் காக்க கிரேக்க அரசு தவறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. மரபணு ஆய்வு வெளிவந்ததும், இந்தத் தீர்ப்பு வெளிவந்ததும் ஒரே ஆண்டு. யார் இந்த மண்ணுக்கு உரியவர் என்னும் கேள்விக்கு ஆய்வுக்கூடம் ஒரு விடை தந்தது. நீதிமன்றம் மற்றொரு விடை தந்தது. இரண்டில் எது இன்று வாழும் மனிதனுக்குப் பயன்படுவது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முடிக்குமுன் கைனூரியாவுக்கு ஒருமுறை திரும்பிச் செல்வோம். அயோனியராயிருந்து டோரியராக மாறியவர்கள் என்று ஹெரோடோட்டஸ் சொன்னாரே, அந்தக் கீழைக் கடற்கரையில் லியோனிடியோ என்னும் ஊரையும் அதனை அடுத்த சிற்றூர்களையும் சேர்ந்த சிலர் இன்றைக்கும் சகோனியம் என்னும் மொழியைப் பேசுகின்றனர். ஏதென்சுக்காரருக்கு அது எளிதில் விளங்காது. ஏனைய கிரேக்க வழக்குகளெல்லாம் அலெக்சாந்தர் காலத்துப் பொதுமொழியிலிருந்து பிறந்தவை. இஃதொன்றே பழைய டோரிய மொழியின் வழிவந்து உயிரோடிருப்பது. ஸ்பார்ட்டாவின் படையும், அரசரும், மதிப்பும் மறைந்தபின் அதன் பேச்சின் எதிரொலி இந்த மூலையில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதைக் காத்து வந்தவர்கள் யார்? டோரியராகப் பிறந்தவர்கள் அல்லர், பின்னர் டோரியராக ஆனவர்கள் என்பது ஹெரோடோட்டசின் சாட்சியம். இன்று அதனைப் பேசுவோரில் முதியவரே மிகுதி. ஊர்ப் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

அங்கே கற்க வரும் ஒரு பிள்ளை அல்பானியத் தொழிலாளி ஒருவனின் மகளாக இருத்தல் கூடும். அவ்வாறு நேர்ந்தால், ஹெரோடோட்டஸ் அதைக் கண்டு வியப்படைய மாட்டார் என்றே நினைக்கிறேன். தம் பட்டியலின் ஓரத்தில் இன்னொரு வாக்கியம் எழுதிக்கொள்வார்.